குறைந்த விலையில் நல்ல எல்இடி டார்ச்: பேட்டரியில் தொடங்கித் தேர்ந்தெடுக்கும் முறை

டார்ச் வாங்கப் போகிறவர்கள் முதலில் பார்ப்பது லூமென் எண்ணை, அதாவது மொத்த வெளிச்சத்தின் அளவை, அப்புறம் விலையை. பேட்டரி பற்றிய யோசனை பெட்டியைப் பிரித்த பிறகுதான் வருகிறது. சிலருக்கு அதுவும் சார்ஜரில் செல் கொதிக்கிற அன்றைக்குத்தான் வருகிறது.

இங்கே வரிசையை மாற்றிப் போட்டிருக்கிறேன். முதலில் தேவை, அடுத்து பேட்டரி, அதற்கேற்ற சார்ஜர், கடைசியில்தான் டார்ச். சுமாரான டார்ச்சில் நல்ல பேட்டரி போட்டால் வெளிச்சம் சுமாராக இருக்கும், அவ்வளவுதான். நல்ல டார்ச்சில் மட்டமான லித்தியம் செல்லைப் போட்டால் அது தீயில் போய் முடியலாம். பணத்தை எங்கே மிச்சம் பிடிக்கலாம், எங்கே பிடிக்கக் கூடாது என்பது இதிலேயே தெரிந்துவிடும்.

கையில் ஓர் அளவுகோல், கிராம் காட்டும் சிறிய தராசு, மலிவான டிஜிட்டல் மல்டிமீட்டர் இருந்தால் நல்லது. ஏஏ பேட்டரியோடு நிறுத்திக்கொள்பவர்களுக்கு மல்டிமீட்டர் கட்டாயமில்லை. தனி லித்தியம் செல் வாங்குவதென்றால் கட்டாயம் வேண்டும்.

## 1. தேவையை ஒரே வரியில் எழுதுங்கள்

"நல்ல டார்ச் வேண்டும்" என்று எழுதினால் எதையும் தேர்ந்தெடுக்க முடியாது. "கரண்ட் போனால் ஓர் அறைக்கு மூன்று மணி நேரம்", "இருட்டில் நடக்க, தினமும் அரை மணி நேரம்", "வண்டிக்கு அடியில் குனிந்து பார்க்க", "திறந்த வெளியின் அந்தக் கோடியில் என்ன நிற்கிறது என்று பார்க்க" என்று எழுதுங்கள். வெளிச்சம் எவ்வளவு தூரம் போக வேண்டும், எவ்வளவு நேரம் நிற்க வேண்டும் என்ற இரண்டும் தெளிவாகிவிடும்.

தேவையான வெளிச்சம் பலரும் நினைப்பதைவிடக் குறைவு. படிக்க 5 முதல் 10 லூமென் போதும். வீட்டுக்குள் நடமாட 20, 30 போதும். டார்ச்சை நிமிர்த்தி வைத்து 100 லூமென்னை வெள்ளைக் கூரையில் அடித்தால், சிறிய அறையில் தடுமாறாமல் வேலை பார்க்கலாம். வெளியே நடக்கவும் அதே 100, 150 தான். 500, 1000 எல்லாம் எப்போதாவது சில நிமிடங்களுக்குத் தேவைப்படுவது.

நம் கண் வெளிச்சத்தை நேர்விகிதத்தில் உணர்வதில்லை. லூமென் இரண்டு மடங்கானால் ஏதோ கொஞ்சம் கூடியது போலத்தான் இருக்கும். இரட்டிப்பாகத் தெரிய ஏறக்குறைய நாலு மடங்கு வேண்டும். அதனால் 800-க்கும் 1000-க்கும் உள்ள வித்தியாசத்துக்காகக் கூடுதல் காசு கொடுக்க வேண்டாம்.

இரண்டு கையும் வேலையில் இருக்கும் என்று உங்கள் வரி சொன்னால், தலையில் மாட்டும் விளக்கைப் பாருங்கள். பேட்டரி பற்றிக் கீழே உள்ளது எல்லாம் அதற்கும் பொருந்தும்.

## 2. பேட்டரி வகையை முடிவு செய்யுங்கள்

இங்கே கேட்க வேண்டிய கேள்வி, டார்ச் யார் கையில் இருக்கப் போகிறது என்பது. சார்ஜ் அளவு, செல்லின் திசை என்று எதையும் கவனிக்க விரும்பாதவர், சிறுவர்கள், வயதானவர்கள் என்றால் கழற்றி மாட்டும் லித்தியம் செல்லே வேண்டாம். ஏஏ டார்ச் வாங்கிக் கொடுங்கள்.

ஏஏ. சுவர்க்கடிகாரத்தில் போடுகிற அதே அளவு. எங்கும் கிடைக்கும், தவறாகக் கையாண்டாலும் பெரும்பாலும் பெரிய ஆபத்தில் முடியாது. இதில் வாங்க வேண்டியது ரீசார்ஜ் செய்யக்கூடிய நிக்கல் மெட்டல் ஹைட்ரைடு. அதிலும் சும்மா வைத்திருந்தாலும் சார்ஜ் சீக்கிரம் வடியாத வகை உண்டு. "சார்ஜ் செய்யப்பட்டே வருகிறது" என்று உறையில் போட்டிருக்கும். இந்த வகையில் ஏஏ ஒன்று சுமார் 2,000 எம்ஏஎச் (செல்லில் அடங்கும் மின்சாரத்தின் அளவு) தரும்.

"ரீசார்ஜ் செல் 1.2 வோல்ட், சாதாரண செல் 1.5 வோல்ட், அப்படியென்றால் வெளிச்சம் குறையுமே?" என்று தவறாமல் யாராவது கேட்பார்கள். டார்ச்சில் நடப்பது இதற்கு நேர்மாறு. சாதாரண செல்லான ஆல்கலைன் 1.5-ல் தொடங்கினாலும், டார்ச் இழுக்கும் கரண்டுக்கு அதன் வோல்டேஜ் மளமளவென்று இறங்கும். நிக்கல் செல் கிட்டத்தட்ட கடைசி வரை 1.2-ஐப் பிடித்துக்கொண்டு நிற்கும். பிரகாசமான டார்ச்சில் நிக்கல் செல்தான் அதிக நேரம் தாங்கும்.

ஆல்கலைனின் பெரிய தொல்லை கசிவு. உள்ளே இருப்பது பொட்டாசியம் ஹைட்ராக்சைடு. தீர்ந்த செல்லை டார்ச்சிலேயே விட்டுவைத்தால் வெள்ளையாகப் பூத்து ஸ்பிரிங்கை அரித்துவிடும். மாதக்கணக்கில் இழுப்பறையில் கிடக்கப் போகும் அவசர டார்ச்சுக்கு, ரீசார்ஜ் செய்ய முடியாத 1.5 வோல்ட் லித்தியம் ஏஏ நல்லது. எடை குறைவு, கடுங்குளிரிலும் வேலை செய்யும், கசிவது அரிது, வருடக்கணக்கில் சார்ஜ் நிற்கும். விலைதான் கொஞ்சம் உறைக்கும்.

மூன்று ஏஏஏ. ரிமோட்டில் போடும் மெல்லிய செல்கள் மூன்றை ஒரு பிளாஸ்டிக் கூட்டில் செருகி உள்ளே தள்ளும் டார்ச்சுகளைத் தவிர்த்துவிடுங்கள். நிக்கல் ஏஏஏ ஒன்றில் 800 எம்ஏஎச் என்று வைத்தால் மூன்றும் சேர்ந்து 2.9 வாட்-மணி ஆற்றல் (எம்ஏஎச்-ஐ வோல்ட்டால் பெருக்கி ஆயிரத்தால் வகுத்தது). இரண்டு ஏஏ 4.8 வாட்-மணி. மூன்று செல் வாங்கி இரண்டை விடக் குறைவாகப் பெறுகிறீர்கள். அந்தக் கூட்டில் ஒரு செல்லைத் தலைகீழாகப் போடுவதும் அடிக்கடி நடக்கிறது.

18650, 21700. பெயரே அளவைச் சொல்கிறது: 18 மில்லிமீட்டர் விட்டம், 65 மில்லிமீட்டர் நீளம், மற்றது 21-க்கு 70. இவை 3.6 அல்லது 3.7 வோல்ட் லித்தியம் அயன் செல்கள், முழு சார்ஜில் 4.2 வோல்ட். நல்ல 18650 ஒன்றில் 12.6 வாட்-மணி வரை இருக்கும். ஐந்து ஏஏ நிக்கல் செல்லில் இருப்பதைவிடக் கொஞ்சம் அதிகம். இவ்வளவு ஆற்றல் ஒரே உருளைக்குள் அடைந்திருப்பதுதான் இதன் வசதி, ஆபத்தும் அதுவே.

14500. இது ஏஏ அளவே உள்ள லித்தியம் செல். ஏஏ டார்ச்சுக்குள் கச்சிதமாக நுழையும். ஆனால் முழு சார்ஜில் 4.2 வோல்ட். ஏஏ-க்கு மட்டும் செய்யப்பட்ட டார்ச்சில் போட்டால் உள்ளிருக்கும் சர்க்யூட் கருகலாம். டார்ச்சின் குறிப்பில் 14500 என்று எழுதியிருந்தால் மட்டுமே போடுங்கள். இதே சிக்கல் 3 வோல்ட் சிஆர்123ஏ என்ற கட்டையான செல்லுக்கும், அதே உருவில் இருக்கும் 3.7 வோல்ட் 16340-க்கும் உண்டு. "உள்ளே நுழைகிறதே" என்பதைப் பொருத்தத்துக்குச் சான்றாக எடுத்துக்கொள்ளாதீர்கள்.

உள்ளேயே பொருத்திய பேட்டரி. கழற்ற முடியாததால் தவறாகப் போட வழியில்லை. பேட்டரி செத்தால் டார்ச்சும் போச்சு. சுவர் பிளக்கில் நேராகச் செருகும் கனமான மலிவு டார்ச்சுகள் சிலவற்றில் சிறிய லெட் ஆசிட் பேட்டரி இருக்கும். அதைச் சார்ஜ் தீர்ந்த நிலையில் சில மாதம் விட்டால் மறுபடி எழுந்திருக்காது. மாதம் ஒரு முறை சார்ஜ் போட ஞாபகம் இருப்பவர்களுக்கே அது சரிவரும்.

பொத்தான் செல். சாவிக்கொத்தில் தொங்கும் குட்டி டார்ச்சுகளில் இருப்பது. சிறு குழந்தை இருக்கும் வீட்டில், திருகாணி போட்டு மூடியது அல்லாமல் வேறெதையும் வைக்காதீர்கள். விழுங்கிவிட்டால் இரண்டு மணி நேரத்துக்குள் உணவுக்குழாயைப் புண்ணாக்கிவிடும். வலிக்கிறதா என்று காத்திருக்காமல் உடனே மருத்துவமனைக்கு ஓட வேண்டிய விஷயம் அது.

எந்த வகையாக இருந்தாலும் லித்தியம் அயன் என்றால் ஒரே ஒரு செல் போடும் டார்ச்சை எடுங்கள். இரண்டு, மூன்று செல்லை வரிசையாக அடுக்கும்போது எல்லாம் ஒரே அளவு சார்ஜில் இருப்பதில்லை. பலவீனமான செல் முதலில் தீரும். மற்றவை அதன் வழியாகத் தொடர்ந்து கரண்டைத் தள்ளும். அது தலைகீழாகச் சார்ஜ் ஆகி, சூடாகி, வாயுவைக் கக்கும். மூடிய உலோகக் குழாய்க்குள் இது நடந்தால் டார்ச்சே வெடிக்கலாம். ஒரே செல் டார்ச்சில் இந்த வகை விபத்துக்கு வழியே இல்லை.

வீட்டுக்குப் பொதுவாக ஒன்று என்றால் இரண்டு ஏஏ செல் போடும் டார்ச். தினமும் பயன்படுத்துகிற, விதிகளைப் பின்பற்றத் தயாராக இருக்கிற ஒருவருக்கு ஒற்றை 18650. எனக்குத் தெரிந்து இந்த இரண்டில் பெரும்பாலானோரின் தேவை முடிந்துவிடுகிறது.

## 3. லித்தியம் செல்லைச் சரிபார்த்து வாங்குங்கள்

ஏஏ-யோடு நிறுத்துகிறவர்கள் இந்தப் பகுதியைத் தாண்டலாம்.

எம்ஏஎச் எண்ணை முதலில் பாருங்கள். 18650-ல் நல்ல செல்கள் 2,500 முதல் 3,500 எம்ஏஎச் வரை இருக்கும். 6,800, 9,900 என்று அச்சடித்திருந்தால் அது பொய். அந்த அளவு குழாய்க்குள் அவ்வளவு அடங்காது. எண்ணில் பொய் சொல்கிறவர் பாதுகாப்பில் உண்மையாக இருப்பார் என்று நம்பக் காரணமில்லை. 21700-க்கு 4,000 முதல் 5,000 என்பது இயல்பு. சற்று மேலே போகும் புதியவையும் உண்டு, ஆனால் இரட்டிப்பாகாது.

எடை போடுங்கள். உண்மையான 18650 பொதுவாக 45 முதல் 50 கிராம். முப்பதுக்குக் கீழே காட்டினால் உள்ளே சிறிய செல்லை வைத்து மீதி இடத்தை எதையாவது கொண்டு நிரப்பியிருக்கலாம். எடை சரியாக இருந்தால் மட்டும் நல்ல செல் என்று முடிவு கட்ட முடியாது. குறைந்தால் மோசம் என்று தாராளமாகச் சொல்லலாம்.

பாதுகாப்பு சர்க்யூட் உள்ள செல்லை எடுங்கள். செல்லின் அடியில் சிறிய வட்டத் தகடு ஒன்றைச் சேர்த்திருப்பார்கள். அளவுக்கு மீறிச் சார்ஜ் ஏறினாலோ, மிகவும் இறங்கினாலோ, ஷார்ட் ஆனாலோ அது இணைப்பைத் துண்டிக்கும். பெயர்பெற்ற செல் உற்பத்தியாளர்கள் வெற்று 18650 செல்களைத் தனிநபருக்கு விற்பதற்காகச் செய்வதில்லை. பேட்டரி பேக்குகளுக்குள் கட்டுப்பாட்டு சர்க்யூட்டோடு வைக்கத்தான் செய்கிறார்கள். தனிச் செல்களைப் பற்றி அமெரிக்க நுகர்பொருள் பாதுகாப்பு ஆணையம் 2021 ஜனவரியில் பொது எச்சரிக்கையே விடுத்தது. அதனால் டார்ச் தயாரிப்பாளரே தன் பெயரில் சர்க்யூட் சேர்த்து விற்கும் செல்தான் புதியவருக்கு ஏற்றது. சில ரூபாய் கூடினாலும் பரவாயில்லை.

நீளத்தை அளந்து பாருங்கள். அந்தத் தகடு சேர்வதால் செல் 68 முதல் 70 மில்லிமீட்டர் வரை நீளும். சில டார்ச்சுக்குள் அது அடங்காது. மூடியைப் பலவந்தமாக முறுக்கினால் செல்லின் தலை நசுங்கும். பிளஸ் முனை துருத்திக்கொண்டிருக்கிறதா, தட்டையாக இருக்கிறதா என்பதையும் கவனியுங்கள். தட்டை முனை செல் சில டார்ச்சில் தொடவே தொடாது. இந்த இரண்டையும் டார்ச்சின் குறிப்போடு ஒப்பிட்டுவிட்டு வாங்குங்கள்.

பழைய லேப்டாப் பேட்டரியைப் பிரித்து எடுத்த செல் வேண்டாம். அதன் வயது, எத்தனை முறை அடியோடு தீர்ந்தது என்பதெல்லாம் யாருக்கும் தெரியாது. செல்களை இணைக்க வெல்டிங் செய்த உலோகப் பட்டையைப் பிய்க்கும்போது உறை கிழிவதும் சகஜம்.

## 4. சார்ஜரை இப்போதே தேர்ந்தெடுங்கள்

டார்ச் வந்த பிறகு "வீட்டில் ஏதோ சார்ஜர் இருக்கிறதே" என்று செருகுவதுதான் அதிகம் நடக்கும் தவறு. நிக்கல் செல்லுக்கும் லித்தியத்துக்கும் சார்ஜ் ஏற்றும் முறையே வேறு. லித்தியம் அயனுக்கு 4.2 வோல்ட்டில் சரியாக நிறுத்தத் தெரிந்த சார்ஜர் வேண்டும். நிக்கல் செல்லுக்கு, அது நிரம்பும்போது வோல்டேஜில் வரும் மெல்லிய சரிவைக் கண்டுபிடித்து நிறுத்தும் சார்ஜர் வேண்டும். நேரக்கணக்கு மட்டும் வைத்து ஓடும் மலிவு சார்ஜர், பாதி தீர்ந்த செல்லையும் முழுத் தவணைக்கும் வறுத்தெடுத்துவிடும்.

ஏஏ சார்ஜரில் ஒவ்வொரு செல்லுக்கும் தனி விளக்கு எரிகிறதா என்று பாருங்கள். ஜோடியாக மட்டுமே சார்ஜ் செய்யும் சார்ஜரில் ஒன்று நிரம்பாமலும் மற்றது நிரம்பி வழிந்தும் நிற்கும். யூஎஸ்பி துளையோடு வரும் "1.5 வோல்ட் லித்தியம்" ஏஏ செல்களை அதன் சொந்தக் கேபிளில் மட்டும் சார்ஜ் செய்யுங்கள். நிக்கல் சார்ஜரில் அவற்றை வைக்கக் கூடாது. சாதாரண ஆல்கலைனை எந்தச் சார்ஜரிலும் வைக்கக் கூடாது.

18650-க்கு டார்ச்சிலேயே சார்ஜ் போர்ட் இருந்தால் தனிச் சார்ஜர் செலவு மிச்சம். ஆனால் மலிவு டார்ச்சுகளில் ஒரு வினோதம் உண்டு. டைப்-சி துளை இருக்கும், இரண்டு முனையும் டைப்-சி ஆன கேபிளைச் செருகினால் ஒன்றும் நடக்காது. சார்ஜரோடு பேசிக்கொள்ள வேண்டிய இரண்டு சிறிய ரெசிஸ்டர்களை உள்ளே போடாமல் விட்டிருப்பார்கள். ஒரு பக்கம் பழைய அகலமான யூஎஸ்பி முனை உள்ள கேபிளை மாட்டினால் வேலை செய்யும். டார்ச் கெட்டுவிட்டது என்று திருப்பி அனுப்பும் முன் இதைச் செய்து பாருங்கள்.

## 5. இப்போது டார்ச்

பெட்டியில் எழுதியிருப்பதை நம்பலாமா என்று ஒரு பெருக்கலில் சோதிக்கலாம். இன்றைய எல்இடி டார்ச், இழப்புகள் போக, ஒரு வாட்டுக்குச் சுமார் 100 லூமென் தரும் என்று வைத்துக்கொள்ளுங்கள். 12.6 வாட்-மணி உள்ள 18650-ல் 1,260 லூமென்-மணி கிடைக்கும். அதாவது 100 லூமென்னில் பன்னிரண்டு மணி நேரம், 1,000 லூமென்னில் ஒரு மணி நேரத்துக்குக் கொஞ்சம் மேல். அந்த செல்லில் "5,000 லூமென், 10 மணி நேரம்" என்று யாராவது எழுதியிருந்தால் அடுத்த டார்ச்சைப் பாருங்கள்.

நேர்மையான தயாரிப்பாளர்கள் ஏஎன்எஸ்ஐ எஃப்எல்1 (ANSI FL1) என்ற, டார்ச்சுகளுக்கான பொது அளவீட்டு முறையைக் குறிப்பிடுவார்கள். அதிலும் ஒரு நுணுக்கம் இருக்கிறது. எரியும் நேரம் என்பது வெளிச்சம் தொடக்கத்தில் இருந்ததில் 10 சதவீதமாக இறங்கும் வரையான நேரம். முதல் சில நிமிடம் பளிச்சென்று எரிந்து, சூட்டுக்குப் பயந்து பாதியாகக் குறைந்து, பிறகு மெல்ல இழுத்துக்கொண்டே போனாலும் முழு நேரமும் கணக்கில் வந்துவிடும். ஆகவே உச்ச லூமென்னை விட்டுவிட்டு நடுத்தர அளவில் எத்தனை மணி நேரம் என்று பாருங்கள். நீங்கள் பயன்படுத்தப் போவது அதைத்தான்.

தூரத்துக்குக் கேண்டெலா எண்ணை, அதாவது ஒரே திசையில் குவியும் வெளிச்சத்தின் அளவைப் பாருங்கள். அதன் வர்க்கமூலத்தை இரண்டால் பெருக்கினால் மீட்டர் கிடைக்கும்: 2,500 கேண்டெலா என்றால் 100 மீட்டர், 10,000 என்றால் 200 மீட்டர். அந்தக் கடைசி மீட்டரில் இருப்பது முழுநிலா அளவு வெளிச்சம்தான். எதையாவது அடையாளம் காண வேண்டும் என்றால் பாதித் தூரத்தையே கணக்கில் வையுங்கள். வீட்டு உபயோகத்துக்குத் தூரம் போகும் டார்ச் தொல்லைதான். கண்ணைக் கூசும் ஒரு வட்டம் விழும், சுற்றிலும் இருட்டாக இருக்கும்.

முன்னால் இழுத்துக் குவிக்கும் ஜூம் டார்ச் கடையில் காட்ட அழகாக இருக்கும். குவித்தால் எல்இடி சில்லின் சதுரம் சுவரில் அப்படியே விழும், வெளிச்சத்தில் கணிசமான பங்கு குழாய்க்குள்ளேயே வீணாகும். நகரும் தலை வழியாகத் தண்ணீரும் போகும். அதற்குப் பதிலாக நிலையான தலையும் சொரசொரப்பான பிரதிபலிப்பானும் உள்ளதை வாங்குங்கள்.

சுவிட்சைக் கவனியுங்கள். அமுக்கினால் "டக்" என்று சத்தம் வரும் பின்பக்க சுவிட்ச் கரண்டை முழுதாகத் துண்டிக்கும். பக்கவாட்டில் மெதுவாக அழுத்தும் மின்னணு சுவிட்ச், அணைத்திருந்தாலும் சொட்டுச் சொட்டாகக் கரண்ட் இழுக்கும். பையில் தானாக எரிந்துவிடும் அபாயமும் அதில் அதிகம். சக்தி வாய்ந்த டார்ச் துணியோடு ஒட்டி எரிந்தால் துணி பொசுங்கும். இந்த வகையை வாங்கினால், பின்மூடியைக் கால் திருகு தளர்த்தினால் அணைந்துவிடுகிறதா என்று கேட்டு வாங்குங்கள்.

முறைகள் மூன்று போதும்: மங்கல், நடுத்தரம், பிரகாசம். ஒவ்வொரு முறை போடும்போதும் கண்ணைப் பறிக்கும் மின்னல் முறையைத் தாண்டி வர வேண்டிய டார்ச்சை ஒரே வாரத்தில் வெறுத்துவிடுவீர்கள்.

தண்ணீருக்கு: ஐபிஎக்ஸ்4 என்றால் தெறிப்பைத் தாங்கும், ஐபிஎக்ஸ்7 என்றால் ஒரு மீட்டர் ஆழத்தில் அரை மணி நேரம். மழையில் நடக்க 4 போதும். நிறத்துக்கு, 6,500 கெல்வின் நீலம் கலந்த வெள்ளை. 4,000 முதல் 5,000 வரை கண்ணுக்கு இதம். ஒயர் நிறம், காயம், ரத்தம் என்று நிறம் பார்த்து வேலை செய்பவர்கள் நிறத்துல்லியம் (சிஆர்ஐ என்று எழுதியிருக்கும்) 90-க்கு மேல் உள்ளதைத் தேடுங்கள். அதில் லூமென் கொஞ்சம் குறைந்தாலும் பரவாயில்லை.

## 6. வந்ததும் சோதியுங்கள்

1. லித்தியம் செல்லின் உறையைச் சுற்றிலும் பாருங்கள், முக்கியமாகப் பிளஸ் முனையின் விளிம்பை. செல்லின் உலோக உடம்பு முழுதும் மைனஸ். பிளஸ் முனைக்கும் அதற்கும் இடையே ஒரு மெல்லிய காகித வளையமும் பிளாஸ்டிக் உறையுமே இருக்கின்றன. அங்கே கிழிந்திருந்தால் டார்ச்சின் சுவரில் உரசியே ஷார்ட் ஆகிவிடும். திருப்பி அனுப்புங்கள்.

2. மல்டிமீட்டரில் வோல்டேஜ் பாருங்கள். புதிய செல் பொதுவாக 3.4 முதல் 3.8-க்குள் இருக்கும். 2.5-க்குக் கீழே இருந்தால் சார்ஜ் செய்ய முயலாதீர்கள். அவ்வளவு இறங்கிய செல்லில் உள்ளிருக்கும் செம்பு கரைந்து, மறுபடி சார்ஜ் ஏற்றும்போது உள்ளேயே ஷார்ட் உண்டாக்கலாம். சர்க்யூட் உள்ள செல் பூஜ்யம் காட்டினால், அது இணைப்பைத் துண்டித்திருக்கலாம். அதையும் மாற்றித் தரச் சொல்வதே புதியவருக்கு நல்லது.

3. முதல் சார்ஜைப் பகலில், விழித்திருக்கும்போது, ஓடு அல்லது கல் மேல் வைத்துச் செய்யுங்கள். வெதுவெதுப்பாக இருக்கலாம். கையில் பிடிக்க முடியாத சூடு என்றால் சுவரில் கரண்டை நிறுத்துங்கள்.

4. சார்ஜ் முடிந்து ஒரு மணி நேரம் கழித்து மறுபடி அளங்கள். 4.15 முதல் 4.20 வரை இருந்தால் சரி. 4.25-ஐத் தாண்டினால் அந்தச் சார்ஜரை நம்பாதீர்கள்.

5. டார்ச்சை உச்சத்தில் பத்து நிமிடம் எரியவிட்டுத் தலையைத் தொட்டுப் பாருங்கள். நல்ல டார்ச்சில் தலை சுடும். எல்இடி-யின் சூடு வெளியே வருகிறது என்று அர்த்தம். பிரகாசமாக எரிந்தும் தலை சில்லென்று இருந்தால் சூடு உள்ளேயே தங்கி எல்இடி-யை வாட்டுகிறது.

6. மங்கல் முறையில் செல்ஃபோன் கேமராவை அதன் மேல் காட்டுங்கள். திரையில் கோடு கோடாக ஓடினால் வெளிச்சம் துடிக்கிறது. ஆபத்தில்லை, ஆனால் நீண்ட நேரம் படிக்கிறவர்களுக்குத் தலைவலி வரலாம்.

## 7. தினசரிப் பயன்பாட்டில்

லித்தியம் செல்லை வெறுமனே சட்டைப் பையில் போடாதீர்கள். சாவி, சில்லறை ஏதாவது இரண்டு முனையையும் தொட்டால் போதும், சில வினாடியில் சாவி சுட்டுவிடும். பிளாஸ்டிக் டப்பி ஒன்று செல்லோடு எப்போதும் இருக்கட்டும்.

வெளிச்சம் குறைந்ததும் சார்ஜ் செய்யுங்கள். "அடியோடு தீரட்டும்" என்ற பழைய பழக்கம் லித்தியத்துக்கு ஆகாது. பூஜ்யம் டிகிரிக்குக் கீழே சார்ஜ் செய்யக் கூடாது, வெயிலில் நிற்கும் காருக்குள் விட்டு வைக்கவும் கூடாது. ஏஏ-யில் பழையதையும் புதியதையும், ஆல்கலைனையும் நிக்கலையும் கலக்க வேண்டாம். கசிவுக்கும் தலைகீழ் சார்ஜுக்கும் அது ஒரு முக்கியக் காரணம்.

டார்ச் மினுக்கினால் உடனே பேட்டரியைக் குறை சொல்லாதீர்கள். பின்மூடியின் மரையையும் செல் தொடும் இடங்களையும் உலர்ந்த துணியால் துடைத்து இறுக்கிப் பாருங்கள். பல டார்ச்சில் அந்த மரை வழியாகத்தான் கரண்ட் ஓடுகிறது. ரப்பர் வளையத்துக்குச் சிலிகான் கிரீஸ் ஒரு துளி போதும். பெட்ரோலியம் ஜெல்லி சில வகை ரப்பரை உப்பச் செய்துவிடும்.

விமானத்தில் போகும்போது உபரி லித்தியம் செல்கள் கைப்பையில்தான் வர வேண்டும், முனைகளை மூடி. சரக்கில் போகும் பெட்டிக்குள் வைக்கக் கூடாது.

## 8. எடுத்து வைப்பதும் கழிப்பதும்

சில மாதம் பயன்படுத்தப் போவதில்லை என்றால் லித்தியம் செல்லைச் சுமார் பாதிச் சார்ஜில், அதாவது 3.6 முதல் 3.8 வோல்ட்டில், டார்ச்சிலிருந்து கழற்றிக் குளிர்ந்த இடத்தில் வையுங்கள். முழுச் சார்ஜில் சூட்டில் கிடந்தால் சீக்கிரம் முதுமை வரும். அவசர டார்ச்சைக் கழற்றி வைக்க முடியாது என்றால் பின்மூடியையாவது தளர்த்தி வையுங்கள். எல்லோருக்கும் தெரிந்த ஒரே இடத்தில் அது இருக்கட்டும்.

ஆல்கலைன் கசிந்துவிட்டால் கையுறை போட்டுக்கொண்டு செல்லை எடுங்கள். கசிவு காரம் என்பதால் பஞ்சில் வினிகரோ எலுமிச்சைச் சாறோ தொட்டுத் துடைத்தால் நுரைத்துக் கரையும். பிறகு ஈரத்துணியால் துடைத்து நன்றாகக் காயவிடுங்கள். ஸ்பிரிங் பச்சையாக அரித்துப் போயிருந்தால் மட்டுமே டார்ச்சைக் கைவிட வேண்டும்.

லித்தியம் செல் பள்ளம் விழுந்திருந்தால், இனிப்பான ரசாயன வாடை வந்தால், சும்மா இருக்கும்போதே சூடானால், சார்ஜ் செய்த மறுநாளே வோல்டேஜ் இறங்கியிருந்தால் அதோடு முடிந்தது. சீறவோ புகையவோ தொடங்கினால் கையில் எடுக்காமல் ஆட்களை விலக்கிவிட்டு நீங்களும் விலகுங்கள். அந்தப் புகை நச்சு. மற்றபடி கழிக்கும் செல்லின் இரு முனைகளிலும் டேப் ஒட்டி, மின்கழிவு சேகரிக்கும் இடத்தில் கொடுங்கள். குப்பையில் போட்டால், லாரி நசுக்கும்போது தீப்பிடிக்கலாம். கொடுக்கும் வரை ஒரு கண்ணாடிப் பாட்டிலிலோ மண் சட்டியிலோ போட்டு, எரியக்கூடிய பொருள்கள் அருகில் இல்லாத இடத்தில் வையுங்கள்.